ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகு கேட்ட கேள்வி

மூன்று வார லீவில் ஊருக்குப் போனதே அப்பாவின் பித்தப்பை ஆபரேஷனுக்காகத்தான், வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. நான் போய் இறங்கிய நான்காம் நாளே தேதி கொடுத்திருந்தார்கள். நான் இருக்கும் நாட்டில் அவசரமில்லாத பித்தக்கல்லுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் மனசு குளிர்ந்துவிட்டது.

அன்று காலை அப்பா கவுன் மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுத்தாகிவிட்டது. அப்போதுதான் மயக்க மருந்து டாக்டர் வந்து, "ஐயா, ஸ்டென்ட் வச்சிருக்கீங்களே, குளோபிடோக்ரெல் என்னைக்கு நிறுத்தினீங்க?" என்றார். "நேத்து ராத்திரிகூடப் போட்டேனே" என்றார் அப்பா. இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க வைத்த குழாய்தான் ஸ்டென்ட், அதில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை குளோபிடோக்ரெல். அதைப் போட்டிருந்தால் ஆபரேஷனில் ரத்தக்கசிவு அதிகமாகலாம். அவ்வளவுதான், ஆபரேஷன் ரத்து.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஃபைலின் முதல் பக்கத்திலேயே ஸ்டென்ட், சுகர் இரண்டும் இருக்கின்றன. ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாத்திரையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அங்கே என்றால் வாரக்கணக்கு முன்பே ஒரு நர்ஸ் உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கேட்டு எழுதிக்கொள்வார்.

ஆனால் அந்த டாக்டர் கிளம்பிவிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார் (அங்கே இந்த அரைமணி எனக்குக் கிடைத்ததே இல்லை). சின்னத் துளைதானே என்று நாம் நினைக்கிறோம். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மிமீ பாதரச அழுத்தம் வரை நிரப்புகிறார்கள், அது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையலாம். நல்ல இதயம் சமாளித்துவிடும், பலவீனமான இதயம் திணறும். நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் ரத்தத்தில் கலக்கும் வாயுவை வெளியேற்றுவதே கஷ்டம். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ரத்தக்கசிவு பயம். பழைய ஆபரேஷனில் உள்ளே ஒட்டிப்போயிருந்தால் துளையை விட்டு வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம். சுகர் பற்றி அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது: வலி மழுங்கிப்போய், பித்தப்பை அழுகும்வரைகூட சிலருக்குத் தெரியாதாம். அப்பா எத்தனை மாதமாகத் தன் வயிற்று வலியை வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தார்!

அப்புறம் இதய டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்கினோம். ஸ்டென்ட் வைத்து நான்கு வருஷம் ஆனதால் குளோபிடோக்ரெலை ஐந்து நாள் நிறுத்தலாம், ஆஸ்பிரினைத் தொடர வேண்டும் என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அப்பா வலது தோள் வலிக்கிறது என்றதும் அம்மா பதறிப்போனாள், நான் பதறவில்லை. உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்தும், தோளில்தான் வலி தெரியும் என்று அந்த டாக்டர் அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார்.