ஃப்ரிட்ஜில் வைத்த பிலிம் என்று சொல்லி விற்கிறார்கள்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் சினிமா பிலிமை ஸ்டில் கேமராவுக்கான கேசட்டில் சுற்றி விற்கும் ஒருவரிடம் ஆறு ரோல் வாங்கி ஏமாந்திருக்கிறேன். ரோல் 600 ரூபாய், மொத்தம் 3,600. பணம் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பிலிமில் நான் எடுத்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தாத்தா வீட்டை, அதை இடிப்பதற்கு முந்தைய இரவு. மறுபடி எடுக்க அங்கே சுவர்கூட இல்லை.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: கோடக் விஷன்3, 500 டங்ஸ்டன், 2019 சரக்கு, வாங்கிய நாள் முதல் ஃப்ரிட்ஜில். எனக்கு அந்தப் பிலிம்தான் தேவைப்பட்டது. பாட்டி கடைசிவரை டியூப்லைட் போட விடவில்லை. வீடு முழுக்கக் குண்டு பல்புதான். பகல் வெளிச்சத்துக்கான பிலிமில் எடுத்தால் எல்லாம் ஆரஞ்சாக விழும். டங்ஸ்டன் பிலிம் 3200 கெல்வின் அளவுள்ள மஞ்சள் வெளிச்சத்துக்கென்றே செய்தது. சமையலறையும் தாழ்வாரமும் கண்ணுக்குத் தெரிந்தபடியே வரும் என்று நம்பினேன்.

நேரில் போய்த்தான் வாங்கினேன். ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். பை சில்லென்று இருந்தது. "தொட்டுப் பாருங்கள் தம்பி, குழந்தை மாதிரி வைத்திருக்கிறேன்" என்றார். உடனே பையைப் பிரித்து ரோல்களை மேசையில் கொட்டினார். சென்னைக் காற்று பட்டதும் கேசட்டுகள் வியர்த்தன. அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்த பிலிமை மூடிய உறைக்குள்ளேயே ஒன்றரை மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பிலிமின் மேலேயே படியும். பல வருடம் ஃப்ரிட்ஜில் பிலிம் வைத்துப் பழகியவர் அப்படிப் பிரிக்க மாட்டார். எனக்கு அது தெரியும். எங்கள் வீட்டில் தோசை மாவுக்குப் பக்கத்தில் காற்றுப் புகாத டப்பாவில் என் பிலிம்கள் இருக்கின்றன. அம்மாவிடம் அதற்காக வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. தெரிந்தும் வாங்கினேன். அவர் பேச்சு அப்படி.

நான்கு ரோல் எடுத்தேன். ஊஞ்சல் கழற்றிய கொக்கிகள், பரணில் கிடந்த பித்தளை அண்டா, முற்றத்தில் விளக்கு வைத்துவிட்டு நின்ற பெரியம்மா.

கழுவியது வீட்டில்தான். இந்த வகைச் சினிமா பிலிமின் முதுகில் ஒரு கரிப்பூச்சு உண்டு, அதனால் சாதாரண லேபில் வாங்க மாட்டார்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பூச்சை இளக்கி, துடைத்து, பிறகு கலர் கெமிக்கல். முதல் ரோலை வெளியே எடுத்ததும் என் கெமிக்கல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். படம் விழாத இடைவெளிகள்கூட அடர்ந்த பழுப்பில், காப்பி டிகாக்‌ஷனில் ஊறியதுபோல் இருந்தன. என் ஃப்ரிட்ஜில் இருந்த ஒரு ரோலை அதே கெமிக்கலில் கழுவினேன். சுத்தமாக வந்தது.

பிறகு லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்த்தேன். சினிமா நெகட்டிவின் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே எண்களைப் பதித்துவிடுவார்கள், கழுவினால் தெரியும். விஷன்3 500 டங்ஸ்டனின் எண் 5219. என் பிலிமில் அந்தப் பழுப்பு மூட்டத்துக்கு நடுவே மங்கலாகத் தெரிந்தது 5218. அது விஷன்2, 2002இல் வந்தது. 5219 வந்ததே 2007இல். 2019 சரக்கு என்று ஸ்டிக்கர் ஒட்டியவர் கேசட்டின் வெளிப்புறத்தை மாற்றலாம், ஓரத்து எண்ணை மாற்ற முடியாது.

போன் செய்தேன். முதலில், "வெளிச்சம் கம்மியாகக் கொடுத்திருப்பீர்கள்" என்றார். எண்ணைச் சொன்னதும் குரல் மாறியது. "சினிமா கம்பெனியில் மிச்சமான துண்டு தம்பி. முன்பு வைத்திருந்தவர் வீட்டுப் பரணில் இருந்தது. என்னிடம் வந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைத்தேன், அது பொய்யில்லையே?" என்று கேட்டார். எப்போது வந்தது என்றேன். போன மாதமாம். பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவுடன் இணைப்பைத் துண்டித்தார். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

பரண் என்றால் என்ன என்று சென்னையில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணில் கை வைக்க முடியாது. இந்தப் பிலிமை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவதானால் 13 டிகிரியிலும், அதற்கு மேல் வைப்பதானால் உறைநிலைக்கு 18 டிகிரி கீழேயும் வைக்கச் சொல்கிறது கோடக். பிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள் வெளிச்சத்துக்காகக் காத்திருப்பவை. வெப்பம் நீண்ட நாள் பட்டால் வெளிச்சம் படாமலேயே பட்டதுபோல் கறுக்கும். கலர் பிலிமில் மூன்று வண்ண அடுக்குகளும் ஒரே அளவில் கெடுவதில்லை, அதனால் ஸ்கேனில் நிறத்தைத் திருத்தப் போனால் நிழல் பச்சையாகிறது, முகம் செங்கல்லாகிறது. வேகமான பிலிம், அதாவது 500 போலக் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிப்பது, முதலில் கெடும். அதே பரணில் 50 வேகத்துப் பிலிம் இருந்திருந்தால் ஓரளவு தப்பியிருக்கும். 500ஐ உறைபெட்டியிலேயே வைத்தாலும் இயற்கைக் கதிர்வீச்சு மெல்ல மெல்ல மூட்டம் போடும். பரணில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

"பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் போதும்" என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூடுதல் என்றால் வெளிச்சத்தை இருமடங்காக்குவது. இவரும் சொன்னார், போனில், எல்லாம் முடிந்த பிறகு. ஓரளவு குளிர்ச்சியில் இருந்த பிலிமுக்கு அது உதவலாம். வெயிலில் வெந்ததற்கு எவ்வளவு கொடுத்தாலும் மூட்டம் மூட்டம்தான். உண்மையான வயதைச் சொல்லியிருந்தால் அந்த இரவுக்கு இந்தப் பிலிமை நான் எடுத்துப் போயிருக்கவே மாட்டேன்.

பழைய பிலிம் விற்பது குற்றமில்லை. பிலிமில் சினிமா எடுத்த காலத்தில் மிச்சத் துண்டுகள் கைமாறுவது கோடம்பாக்கத்தில் சாதாரணம். ஆனால் அப்போது லேபில் ஒரு விரற்கடைத் துண்டை வெட்டி, வெளிச்சம் காட்டாமலேயே கழுவி, மூட்டம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கேமராவில் ஏற்றுவார்கள். நீங்களும் அதைக் கேளுங்கள். கழுவிய ஒரு துண்டை, ஓரத்து எண் தெரியும்படி, புதுப் பிலிமின் துண்டோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டப்பா இருந்தால் அதன் லேபிளையும் கேளுங்கள். துருவேறிய டப்பா என்றால் ஃப்ரிட்ஜ் கதையை நம்பாதீர்கள். "ஃப்ரிட்ஜில் இருக்கிறதா" என்று கேட்காமல், எந்த வருடத்திலிருந்து, அதற்கு முன் யாரிடம், எங்கே என்று கேளுங்கள். நான் ஃப்ரிட்ஜைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டேன். ஒரு ரோலை முதலில் எடுத்துக் கழுவிப் பார்க்காதது முழுக்க முழுக்க என் தப்பு.

கறுப்பு வெள்ளையாக மாற்றியதில் ஒரே ஒரு படம் தேறியது. பெரியம்மா நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை.

படம் எடுக்காத இரண்டு ரோல் மீதமிருக்கிறது. இருட்டில் ரீலில் சுற்றிப் பழக அவை தாராளமாகப் போதும். புதிதாகக் கழுவக் கற்பவர்கள் கேட்டால் தந்துவிடுகிறேன், அஞ்சல் செலவும் என்னுடையது.