ஐரோப்பியத் தாய்வழியைத் தேட எந்தச் சோதனை?

அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று ஒரே கோட்டில் பின்னோக்கிப் போக வேண்டுமானால் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) டி.என்.ஏ.தான் வழி. மகனோ மகளோ, அது தாயிடமிருந்துதான் வருகிறது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது; மொத்தம் 16,569 எழுத்துகள். அதில் எவ்வளவு படிப்பது என்பதில்தான் சோதனைக்குச் சோதனை வித்தியாசம்.

பழைய முறையில், அதிகம் மாறும் பகுதியிலிருந்து சில நூறு எழுத்துகளை மட்டும் படிப்பார்கள். ஐரோப்பியருக்கு இது பெரும்பாலும் பயன்படாது. அவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் எச் மரபுக்குழு, அதாவது ஒரே பழைய தாயிடமிருந்து கிளைத்த கூட்டம். 1981-ல் கேம்பிரிட்ஜில் படித்து அளவுகோலாக வைத்த வரிசையும் எச்தான். அதனால் பலருக்கு ‘வேறுபாடு ஏதுமில்லை’ என்றே முடிவு வரும். கூடவே பொருத்தங்கள் என்று நீளமான பட்டியல். அதிலுள்ள உறவு ஆயிரக்கணக்கான ஆண்டு பழையதாகவும் இருக்கலாம். இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

யாரோடு ஒப்பிடுவது என்று முன்பே தெரிந்தால் மட்டும் கதை வேறு. ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் அருகே கிடைத்த எலும்புகளில் ரஷ்யப் பேரரசி அலெக்சாண்ட்ராவை அடையாளம் காட்டியது இந்தத் துண்டுதான்; ஒப்பிட ரத்தம் கொடுத்தவர் அவருடைய அக்காவின் பேரன், பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப். அவர் கணவர் ஜார் நிக்கோலஸிடம்தான் இடித்தது. 16169-ஆம் இடத்தில் அவருக்கு சி, டி இரண்டும் கலந்திருந்தன. உறவினர்களிடம் டி மட்டுமே. பிறகு அவர் தம்பி கியோர்கியின் எலும்பிலும் அதே கலப்பு தெரிந்தது. சந்தேகமாக நின்ற இடமே பலமான சான்றாகிவிட்டது!

முழு வரிசையையும் படிப்பது இன்னும் நுணுக்கமானது. 2012-ல் லெஸ்டர் கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பை, அவருடைய அக்கா ஆனின் தாய்வழி வந்த இருவரோடு ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு அப்படியே பொருந்தியது, மற்றவருக்கு ஒரே ஓர் எழுத்து வேறு. இடையில் ஐந்து நூற்றாண்டு! ஆனால் இதே நிலைத்தன்மைதான் இதன் குறையும்: முழுப் பொருத்தம் வந்தாலும் இருவருக்கும் பொதுவான மூதாய் பூட்டியா, பத்து நூற்றாண்டுக்கு முந்தியவரா என்று சொல்லாது.

எச்சிலைக் குழாயில் அனுப்பும் பொதுச் சோதனை எல்லா வழியையும் கலந்து பார்க்கும். ஐந்தாறு தலைமுறைக்குள் மாமா, சித்தி வகை உறவுகளைப் பிடிக்க அதுவே கெட்டி. சில நிறுவனங்கள் தாய்வழி மரபுக்குழுவின் பெயரையும் தருகின்றன. ஆனால் அது தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்த்துச் சொல்வது.

என் கட்சி முழு வரிசைதான். ஆனால் அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டுங்கள். பல நாடுகளில் திருமணத்தோடு பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடும். தாய்வழி அறுந்து போவது பெரும்பாலும் அங்கேதான். ‘இவர்கள் அக்கா தங்கையாக இருக்கலாம்’ என்று இரு பெயர்கள் கிடைத்தால், இருவரின் தாய்வழியிலிருந்தும் ஆளுக்கொருவரைப் பிடித்துச் சோதியுங்கள். பல எழுத்துகள் பொருந்தாவிட்டால் அந்த ஊகத்தை அன்றே விட்டுவிடலாம்.