தூரம் அடிக்கும் டார்ச்: காலடி மட்டும் தெரிவதில்லை

"உங்க டார்ச் 1,000 லூமென்தானே, 3,000 லூமெனிலேயே ஒன்று பார்த்தேன், வாங்கிடலாமா?" என்று நண்பர் கேட்டார். வெகுநாளாக இதைப் பயன்படுத்துபவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லூமென் என்பது டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சம். அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்குக் கேண்டெலா பார்க்க வேண்டும். ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பது அதில்தான் தெரியும். என்னுடையது 40,000 கேண்டெலா. தூரத்தைக் கணக்கிட அதன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும்: 200, இரண்டால் பெருக்கினால் 400 மீட்டர். அட்டையில் போட்டிருக்கும் தூரமும் அதுதான். ஆனால் அந்த 400 மீட்டரில் விழுவது வெறும் 0.25 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். பாதித் தூரத்தில் அது நான்கு மடங்காகி 1 லக்ஸ் ஆகும். அங்கே நிற்பது ஆளா புதரா என்று கண்டுபிடிக்க அதுவே போதும். சின்ன எல்இடி, ஆழமான வழவழப்பான ரிஃப்ளெக்டர் இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை இது. வெட்டவெளியில் இதற்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை.

இனி என் கோபம். இதை வைத்துக்கொண்டு நடக்கவே முடியாது. காலுக்கு முன்னால் ஒரு தட்டு அளவுக்கு வெள்ளை வட்டம் கண்ணைக் கூசவைக்கும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் வட்டத்துக்கு வெளியே கிடக்கும் கல் தெரியாது. மோடைக் குறைத்தால் வட்டம் மங்கும், ஆனால் அகலாது. மின்சாரம் போன நேரத்தில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து நேராக அடித்தால் பளபளப்பில் எழுத்தெல்லாம் வெளுத்துப்போகும். டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்து, அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில்தான் படிக்கிறேன். முகப்பில் பட்டர் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் நன்றாகப் பரவுகிறது, ஆனால் எதற்காக வாங்கினேனோ அந்தத் தூரம் போய்விடுகிறது. பனிமூட்டத்தில் இன்னும் மோசம்: கண்ணுக்கு நேராகப் பிடித்தால் முன்னால் வெள்ளைத் தூண்தான் நிற்கும், இடுப்பளவில் பிடித்தால் கொஞ்சம் பரவாயில்லை.

தரம், பேட்டரி, பட்டன் எதிலும் குறை இல்லை. இருந்தும் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். தினமும் கையில் எடுக்கும் பொருள் தினமும் எரிச்சல்படுத்தினால் வேறென்ன கொடுப்பது?

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நடக்கவும் வீட்டு வேலைக்கும்தான் என்றால் பரவலாக வெளிச்சம் தரும் அந்த 3,000 லூமெனே சரி. கேண்டெலா 10,000 இருந்தாலே கணக்குப்படி 200 மீட்டர் வரும், தாராளம். 3,000 என்பது டர்போ மோடின், அதாவது உச்ச வெளிச்சத்தின் எண்ணாகத்தான் இருக்கும். சூடேறியதும் தானாகக் குறைந்துவிடும். அதனால் அதற்கு அடுத்த மோடில் எத்தனை லூமென், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.