பார்டர் காலியா, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டா?

இரண்டுமே மந்தை மேய்க்க உருவான நாய் இனங்கள். நீண்ட முடி, நடுத்தர உயரம் என்று பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். குட்டி வாங்க நினைப்பவர்கள் எது புத்திசாலி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புத்திக்கு இரண்டிலும் குறைவில்லை. எது மந்தையை எப்படி நகர்த்துகிறது என்று பாருங்கள். வீட்டில் அது எப்படி இருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பார்டர் காலி, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேரும் மலைப்பகுதியின் நாய். 1893ல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபரிடம் பிறந்த ஓல்ட் ஹெம்ப்தான் இந்த இனத்தின் மூலப்புருஷன். அது அதிகம் சத்தம் போடாமல், பார்வையாலேயே ஆடுகளை அடக்கியது. சுற்றுவட்டார மேய்ப்பர்கள் தங்கள் பெண் நாய்களை அதனோடு இணைசேர்த்தார்கள். இன்றும் வேலை செய்யும் பார்டர் காலியைக் கவனித்தால் அந்தப் பாணி தெரியும். தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பதுக்கி, தூக்கிய முன்காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்கும். ஆடு ஒரு அடி நகர்ந்தால் இதுவும் ஒரு அடி. வேட்டையாடும் மிருகத்தின் பதுங்கலை மட்டும் கூராக்கி, கடித்துக் கொல்லும் வெறியைத் தலைமுறை தலைமுறையாக மட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது இன்றும் பிரமிப்புதான்.

ஆனால் ஆடு இல்லாத வீட்டில் அந்தப் பார்வை எங்கே போகும்? சைக்கிள் சக்கரத்தின் மேல், ஓடும் குழந்தையின் மேல், சில சமயம் சுவரில் அசையும் நிழலின் மேல். நிழலைத் துரத்தும் பழக்கம் படிந்துவிட்டால் அதை விடுவிப்பது பெரும்பாடு.

ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் உருவானது அமெரிக்காவின் மேற்குப் பண்ணைகளில். 1950களில் ஜே சிஸ்லர் ரோடியோ என்ற மாட்டுக்காரர் போட்டி அரங்குகளில் தன் நாய்களை வைத்து வித்தை காட்டியதும் இந்த இனத்துக்குப் பேர் வந்தது. 1957ல் அதற்கென்று சங்கமும் வந்துவிட்டது. இது பதுங்காது. நிமிர்ந்தபடி நெருங்கிப் போகும், குரைக்கும், நகராத மாட்டின் குதிகாலைக் கவ்வும். ஆடு, மாடு, பண்ணைக் காவல் எல்லாவற்றுக்கும் ஒரே நாய். அதனால் வீட்டிலும் காவல் புத்தி கூடுதல். புது ஆட்களிடம் சட்டென்று ஒட்டாது. தன் மனிதர்களை விட்டு அகலவும் அகலாது. குழந்தைகளின் குதிகாலைக் கவ்வும் பழக்கத்தை மட்டும் குட்டியிலேயே நிறுத்திவிட வேண்டும்.

மேய்ப்புப் போட்டியோ, தடை தாண்டி ஓடும் அஜிலிட்டியோ, ஒன்றில் முழுமூச்சாக இறங்குபவருக்கு பார்டர் காலி. அந்த நுணுக்கத்தில் ஆஸி (ஆஸ்திரேலியன் ஷெப்பர்டின் செல்லப்பெயர்) அதன் பக்கத்தில் வராது. மலையேற்றம், ஓட்டம், குடும்பம், காவல் என்று எல்லாவற்றிலும் கூடவே ஒரு நாய் வேண்டும் என்றால் என் ஓட்டு ஆஸிக்குத்தான். தினமும் நன்றாக ஓடவிடவும் மூளைக்கு வேலை கொடுக்கவும் நேரமில்லையா, இரண்டுமே வேண்டாம்.

அப்புறம், உடல்நலம். திட்டுத்திட்டான மெர்ல் நிறம் ஆஸியில் சகஜம், பார்டர் காலியிலும் உண்டு. தாய், தகப்பன் இரண்டும் மெர்ல் என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் அந்த மரபணு இரட்டையாக வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப் பிறப்பவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ இருக்கும். ஆஸி வாங்கினால் எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை உண்டா என்ற சோதனையும் அவசியம். அந்தக் குறை உள்ள நாய்க்கு, ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. சோதனை முடிவைக் காட்டத் தயங்குகிற இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.