டிஸ்பேஸ்: வடசென்னைக் கல்லூரி நூலகத்துக்குச் சரிவருமா?

ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்க டிஸ்பேஸ் மென்பொருளை நம்பி எடுக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் எச்.பி. நிறுவனமும் 2002-இல் வெளியிட்டது, காசு கிடையாது.

சறுக்குவது, யார் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் அனுமதி அமைப்பில்தான். ஒரு தொகுப்பின் இயல்பு அனுமதியை (புதுப் பதிவுக்குத் தானாக அமைவது) மாற்றினால், இனி ஏற்றும் பதிவுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பழையவை திறந்தே கிடக்கும். பதிவைப் பூட்டினாலும் போதாது, உள்ளிருக்கும் பிடிஎஃப் கோப்புக்கும் தனியே பூட்டுப் போட வேண்டும். பொது வாசகரின் படிக்கும் அனுமதியில் தொடக்கத் தேதி கொடுத்தால், அன்று தானே திறக்கும். இந்த வசதி அருமை!

கல்லூரி இணையத்தின் ஐபி முகவரியை வைத்து வாசகரை உள்ளே விடும் முறையை மட்டும் நம்பாதீர்கள். தண்டையார்பேட்டை வீட்டில் கைபேசியில் படிக்கும் மாணவி வெளியே நிற்பாள். அவளுக்குப் பயனர் கணக்கும் கொடுங்கள்.

யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் ஆய்வேடு தேடலில் சிக்காது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.