ஹோயா ஆர்72: இந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே மீட்டர் பார்க்காதீர்கள்

ஆர்72 என்ற அகச்சிவப்பு ஃபில்டரை லென்ஸில் மாட்டி எடுத்த முதல் ரோலைக் கழுவிக் கொடுத்த லேப்காரர், "கேமராவுல ஃபிலிம் ஓடவே இல்ல போல சார்" என்றார். ஓடியிருந்தது. ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், வீராணம் ஏரிக்கரைப் பனைகள் ஆவி மாதிரி தெரிந்தன. 36 படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஃபில்டர் மேல் குறை இல்லை, தப்பு முழுக்க என்னுடையது.

ஆர்72 கையில் அடுப்புக்கரி மாதிரிதான் இருக்கும். பல்பை நோக்கிப் பிடித்தால் மட்டும் கருஞ்சிவப்பாக ஏதோ தெரியும். 720 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை, அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை, பெரும்பாலும் மறித்துவிடுகிறது. நான் போட்ட ரோலாய் இன்ஃப்ராரெட் 400 ஃபிலிமுக்குப் பார்வை ஏறக்குறைய 820 வரைதான். ஆக, படம் விழுவதற்கு இருப்பது நடுவில் உள்ள அந்தச் சின்னச் சந்து மட்டுமே.

நான் என்ன செய்தேன்? ஃபில்டரை மாட்டிவிட்டு, பழைய எஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒளியை அளக்கும் உள்மீட்டர் சொன்னதை அப்படியே நம்பினேன். அதில் இருப்பது சிலிக்கான் செல். சிலிக்கானுக்கு 1100 நானோமீட்டர் வரைகூட உணர்வு உண்டு. ஃபிலிமுக்கு எட்டாத ஒளியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு "போதும், போதும்" என்றிருக்கிறது. பாவம், அதற்கென்ன தெரியும்!

இரண்டாம் முறை கைமீட்டர் கொண்டுபோனேன். மீட்டர் முன் ஃபில்டர் பிடிக்காமல், ஃபிலிமின் வேகமான ஐஎஸ்ஓ 400-ஐ ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) இறக்கி, மீட்டரில் ஐஎஸ்ஓ 6 என்று வைத்தேன். நடுப்பகல் வெயில், லென்ஸ் துளை எஃப் 8: மீட்டர் சொன்னது 1/30 நொடி. நம்பிக்கை இல்லாததால் 1/30, 1/15, 1/8 என்று மூன்று எடுத்தேன். 1/15 அற்புதம்! வேப்பிலை முழுக்கப் பனி கொட்டியது போல வெள்ளை, ஏரித் தண்ணீர் மை. அப்படியென்றால் என் கணக்கில் ஐஎஸ்ஓ 3. உங்கள் கேமராவுக்கும் டெவலப்பருக்கும் இது மாறலாம், முதல் ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

நிழலில் இந்தக் கணக்கும் உதைக்கும். மதகு அறைச் சுவரின் நிழலில் மீட்டர்படி எடுத்தது ஒன்றுமில்லாமல் போனது. அங்கே வருவது நீலவானத்து வெளிச்சம், அதில் அகச்சிவப்பு சொற்பம். இரண்டு ஸ்டாப் கூட்டியபோதுதான் சுவர் தெரிந்தது. அதே புத்தியோடு வேப்பமர நிழலிலும் இரண்டு கூட்டினேன், வெளுத்தே போய்விட்டது. இலை நம் கண்ணுக்குத்தான் மறைப்பு. அகச்சிவப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு இலையைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். சாயங்கால வெயிலில் இது தலைகீழ்: மீட்டர் காட்டுவதைவிட அகச்சிவப்பு கூடுதலாக இருக்கும்.

ட்ரைபாட் இல்லாமல் இதை வாங்க வேண்டாம். வ்யூஃபைண்டரில் ஒன்றுமே தெரியாது. முதலில் காட்சியைப் பொருத்தி, ஃபோகஸ் செய்து, லென்ஸில் அகச்சிவப்புக்கான சிவப்புக் குறி இருந்தால் அதற்குத் தூரத்தை நகர்த்தி, அப்புறம்தான் ஃபில்டரைத் திருகவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இதே சடங்கு. கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், "இன்னுமா தம்பி எடுக்கல?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒரே ஒரு ஆறுதல்: பெரிய 67 மிமீ ஒன்று வாங்கி, ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டர் மாட்டும் வளையம்) போட்டு மூன்று லென்ஸுக்கும் ஓட்டிக்கொள்கிறேன்.

ஃபிலிமைப் பற்றி ஒரு வார்த்தை. இதன் அடித்தளம் தெளிந்த பாலியெஸ்டர். டப்பாவுக்கு வெளியே நீட்டும் ஃபிலிம் நாக்கு வழியே வெளிச்சம் உள்ளே ஓடும். வெயிலில் நின்று போட்டதில் முதல் நாலு படம் புகைமூட்டம். இப்போது காரின் பின்சீட்டில், துண்டுக்குள் வைத்துத்தான் மாட்டுகிறேன்.

இன்னும் இரண்டு ரோல் ஃபிரிட்ஜில் இருக்கிறது. மழை விட்டதும் தளிர் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.