வேலை வாங்கித் தருவதாக 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளாக் செய்துவிட்டார்கள் (மும்பையில் ஜூனியர் வேலை தேடும் நம் பிள்ளைகள் கவனத்துக்கு)

நேற்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அந்த நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. புரொஃபைல் படம் போய்விட்டது, கடைசியாக நான் அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. 42,000 ரூபாய். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சட்டம் படித்தவள். திருநெல்வேலியில் ஐந்து வருஷம் படித்து, பழைய சட்டத்தின் மோசடிப் பிரிவான 420 புதுச் சட்டத்தில் 318(4) ஆகிவிட்டது என்றெல்லாம் ஜூனியர் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து, பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் ஆகி, அகில இந்திய பார் தேர்வும் பாஸ் செய்தவள். என்னையே இப்படி உருட்டிவிட்டார்கள்.

தாராவியில் பெரியப்பா வீடு இருக்கிறது, அந்தத் தைரியத்தில் பிப்ரவரியில் மும்பை வந்தேன். தினமும் சயான் ஸ்டேஷனில் ஏறி வி.டி.யில் இறங்கி, ஃபோர்ட்டில் இருக்கிற பழைய கட்டடங்களில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். சிலர் பயோடேட்டாவை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு சீனியர் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "முதல் ஆறு மாசம் பைசா எதிர்பார்க்காதே, மராத்தி கற்றுக்கொள், கீழ்க்கோர்ட்டில் மராத்தி இல்லாமல் வாயே திறக்க முடியாது" என்றார். அவர் சொன்னது நிஜம். எனக்கு இந்தியே தத்தித் தத்தித்தான் வரும், மராத்தி சுத்தமாகத் தெரியாது. ஆறு மாசம் சம்பளம் இல்லாமல் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. சட்டம் படித்தவர்களுக்கு இன்டர்ன்ஷிப், ஜூனியர் வேலை என்று போடும் ஆன்லைன் தளம் ஒன்று. பெயர் போடப் போவதில்லை, காரணம் கேட்காதீர்கள், வழக்கு போட வேண்டியிருக்கிறது. 'ஃபோர்ட்டில் சொலிசிட்டர் ஃபர்ம், புதியவர்கள் விண்ணப்பிக்கலாம், பயிற்சியோடு மாதம் 25,000' என்றிருந்தது. 25,000 என்றதும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. 2024-ல் மெட்ராஸ் ஐகோர்ட்டே ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சொன்னது, அதே வருஷம் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. கையில் கொடுக்கிறார்களா என்பது வேறு கதை. ஆனால் மும்பையில் சொலிசிட்டர் ஆபீஸ் 25,000 கொடுக்கும் என்று நம்புவதற்கு அது போதும். அதுவும் சொலிசிட்டர் என்பது இந்த ஊரில் தனி மரியாதை. பழைய அட்டர்னி முறையின் மிச்சம், பம்பாய் இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி நடத்தும் பரீட்சை எழுதி வருகிறவர்கள். அங்கே ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

விண்ணப்பித்து இரண்டு மணி நேரத்தில் போன் வந்தது. ஒரு பெண், இந்தியில் ஆரம்பித்தாள். நான் தடுமாறியதும், "தமிழா நீங்க? எந்த ஊரு?" என்றாள். திருநெல்வேலி என்றேன். "அட, எனக்கு அம்பாசமுத்திரம்லா!"

அந்த ஒரு 'லா'வில் விழுந்தேன். பொய்யில்லை. இரண்டு மாசமாக இந்த ஊரில் வேலை விஷயமாக ஒருத்தர்கூட என்னிடம் தமிழில் பேசியதில்லை. அன்றைக்கு இருபது நிமிஷம் பேசினோம், அதில் வேலையைப் பற்றி ஐந்து நிமிஷம் இருந்தால் அதிகம். மீதி நேரம் தாமிரபரணியில் தண்ணீர் வருகிறதா, பெரியப்பா வீட்டில் வசதியாக இருக்கிறதா, லேடீஸ் டப்பாவில் பையை முன்பக்கம் போட்டுக்கொள், இப்படியே. நான் அக்கா என்றேன், அவள் பாப்பா என்றாள். அவள் அம்பாசமுத்திரம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. யாருக்கு எந்த ஊர் வேண்டுமோ அந்த ஊராக ஆகிவிடுகிறாளோ என்னவோ.

மறுநாள் வீடியோவில் இன்டர்வியூ. ஐம்பது வயசு ஆள், பின்னால் தடித் தடியாகச் சட்டப் புத்தகங்கள், உடம்பில் கறுப்பு கோட்டு, கழுத்தில் வக்கீல்கள் கட்டும் வெள்ளைப் பட்டையான பேண்ட், மேலே கவுன். மதியம் இரண்டரை மணிக்கு ஆபீஸ் அறையில் ஏன் கவுன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்? பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது, விழா மாதிரி நேரங்களைத் தவிர கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்தில் பேண்டும் கவுனும் போடக்கூடாது. ஆபீஸ் அறை பொது இடமா என்று வாதாடலாம், ஆனால் எந்த வக்கீல் தன் அறையில் அதை மாட்டிக்கொண்டு உட்காருவார்? தொழில் நெறி பேப்பரில் நான் எழுதிய பதில் இது. கண் முன்னால் ஒரு ஆள் வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கிறான், நான் எழுந்து நின்று 'குட் ஆஃப்டர்நூன் சார்' சொல்கிறேன். மூன்று கேள்வி கேட்டான், செலக்டட் என்றான்.

அப்புறம்தான் அக்கா கணக்கு சொன்னாள். டிராஃப்டிங் பயிற்சிக்கு 30,000. தமிழ்நாடு வக்கீல் பட்டியலில் (ரோல்) இருந்து மகாராஷ்டிராவுக்குப் பெயர் மாற்ற 6,500. ஐடி கார்டு, கோர்ட் பாஸ் என்று 2,500. திரும்பத் தரப்படும் டெபாசிட் 3,000. மொத்தம் 42,000. "ரெண்டே மாச ஸ்டைபண்ட்தான் பாப்பா, வந்துரும்." கூடவே ஒரு தூண்டில். சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுத மூன்று வருஷம் பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதல்லவா, "அந்த எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை நாங்களே முதல் நாள்ல இருந்து போட்டுத் தந்துருவோம்" என்றாள். பத்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம் உள்ள வக்கீல் கொடுத்து, அதன் மேல் நீதித்துறை அதிகாரி ஒப்பம் வைக்க வேண்டிய சர்டிபிகேட் அது. கம்பெனி போட்டுத் தருகிற சமாச்சாரமே இல்லை. ரோல் மாற்றமும் அப்படித்தான், வக்கீல்கள் சட்டம் 18-வது பிரிவில் 'கட்டணம் எதுவுமின்றி' என்றே எழுதியிருக்கிறது. அதற்குப் போய் 6,500! இதையெல்லாம் நேற்று ராத்திரி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பணம் அனுப்பிய ஏப்ரல் 2-ம் தேதியே பார்த்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "வேல குடுக்கவன் எங்கயாவது துட்டு கேப்பானாட்டி?" என்றாள். எட்டாம் கிளாஸ் படித்த அம்மா. நான்தான் எரிச்சலாக, "உனக்கு இந்த ஃபீல்டு தெரியாதும்மா" என்றேன். பதில் பேசாமல் சீட்டைத் தள்ளி எடுத்து அனுப்பினாள். அந்த 42,000-ஐ இரண்டு தவணையாக, 12,000, அப்புறம் 30,000 என்று ஒரு யுபிஐ ஐடிக்கு அனுப்பினேன். திரையில் வந்தது கம்பெனி பெயர் இல்லை, ஒரு தனி ஆள் பெயர். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பின் நம்பர் போட்டேன்.

பயிற்சி என்று வந்தது நான்கு பிடிஎஃப். ஒன்றில் முன்ஜாமீன் மனு மாதிரி, 438-வது பிரிவின் கீழ். அந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே 2024 ஜூலை 1-ம் தேதியோடு போய்விட்டது, இப்போது முன்ஜாமீன் என்றால் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 482. இன்னொரு மனுவில் யாரோ ஒரு நிஜக் கட்சிக்காரரின் பெயரும் வீட்டு விலாசமும் அழிக்காமல் அப்படியே கிடந்தது. எங்கிருந்து திருடினார்களோ. அக்காவிடம் சொன்னதற்கு, "அது பழைய பேட்ச் மெட்டீரியல், ஜாயின் பண்ணதும் புதுசு வரும்."

ஏப்ரல் 20 ஜாயினிங். வெள்ளைச் சுடிதார், கறுப்பு கோட்டு, பெரியம்மா திருநீறு பூசி அனுப்பினாள். கொடுத்த விலாசம் ஹார்னிமன் சர்க்கிள் பக்கம், மூன்றாவது மாடி. அங்கே நிஜமாகவே ஒரு சட்ட ஆபீஸ் இருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் என் ஆஃபர் லெட்டரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் லெட்டர்ஹெட்டே இல்லை, நாங்கள் யார் மூலமாகவும் ஆள் எடுப்பதில்லை, ஆர்ட்டிக்கிள்டு கிளார்க்காக (சொலிசிட்டரிடம் பயிற்சி பெற) வருகிறவர்களுக்கு நாங்கள்தான் ஸ்டைபண்ட் கொடுப்போம், வாங்க மாட்டோம் என்றாள். கீழே வாட்ச்மேன், இந்த மாசத்தில் இப்படி வருகிறது நீ நான்காவது ஆள் என்றார். நான்கு பேர், தலைக்கு 42,000 என்று வைத்தாலே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் இருபத்திரண்டு நாள் அலைக்கழிப்பு. சார் டெல்லியில் மேட்டரில் இருக்கிறார். பேட்ச் தள்ளிப்போயிருக்கிறது. கோர்ட் வெக்கேஷன் விட்டார்கள், ஜூனில் பார்க்கலாம். ரீஃபண்ட் ரிக்வெஸ்ட் போட்டாச்சு, ஏழு வேலை நாள். ஏழாம் நாள் கேட்டால், அக்கவுண்ட்ஸில் ஆள் மாறிவிட்டார், மறுபடி ஏழு வேலை நாள். இதில் எனக்கு எது அதிகம் வலித்தது தெரியுமா, பணம் கேட்ட நாளில் இருந்து அக்கா தமிழை விட்டுவிட்டாள். பாப்பா போய் 'டியர் கேண்டிடேட்' வந்தது. நான் தமிழில் அழுது வாய்ஸ் மெசேஜ் போட்டால், பதில் இங்கிலீஷில், 'யுவர் கன்சர்ன் ஹாஸ் பீன் நோட்டட்'.

விளம்பரம் போட்ட தளத்துக்கு எழுதினேன். டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து, நாங்கள் வேலை தேடுபவரையும் வேலை கொடுப்பவரையும் சேர்த்து வைப்பதோடு சரி, பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை, என்று பதில். அந்த விளம்பரத்தில் பச்சை டிக்கோடு 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டிருந்தீர்களே, யார் சரிபார்த்தது என்று கேட்டேன். டிக்கெட் முடித்துவைக்கப்பட்டது என்று இன்னொரு மெயில் வந்தது.

நேற்று பிளாக் ஆன பிறகு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தேன். பணம் போய் எத்தனை நாள் என்றார்கள். நாற்பது நாள் என்றேன். சில மணி நேரத்தில் அடித்திருந்தால் அக்கவுண்ட்டிலேயே பணத்தை நிறுத்திவைக்க முயற்சி செய்திருப்போம் என்றார்கள். புகார் பதிவாகிவிட்டது. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன், தொழில் என்ன என்று கேட்ட இடத்தில் 'வழக்கறிஞர்' என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

விவரமாக, என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூனியராகச் சேர எந்த வக்கீலுக்கும், எந்த ஏஜென்ட்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆபீஸ் பெயர் சொன்னால் பணத்துக்கு முன்னால் நேரில் மாடி ஏறிப் பாருங்கள், நான் இருபது ரூபாய் டிக்கெட்டில் செய்திருக்க வேண்டியதை 42,000 கொடுத்துச் செய்தேன். யுபிஐயில் தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ரீஃபண்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே 1930. நம்மூர் பாஷை பேசினால், சரி, பேசிவிட்டு வையுங்கள். என்ரோல்மென்ட்டுக்கும் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125, அவ்வளவுதான் என்று சுப்ரீம் கோர்ட் 2024 ஜூலையில் சொல்லியாகிவிட்டது.

நுகர்வோர் ஆணையத்துக்கு நானே புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நான் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், இரண்டு வருஷம் டைம் இருக்கிறது. அந்த வாட்ச்மேன் சொன்ன மற்ற மூன்று பேரில் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள், சேர்ந்தே போடலாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 42,000-க்குச் சீட்டுக் கட்ட இன்னும் பதினொரு மாசம் இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது, பச்சை டிக்கோடு. ஊர் மட்டும் பெங்களூரு என்று மாறியிருக்கிறது, சம்பளம் 28,000. ரிப்போர்ட் பட்டனை ஆறு தடவை அழுத்திவிட்டேன், இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் நீங்களும் அழுத்துங்கள்.